கயிறு பிடிக்க ஓர் ஆள்

ரீயூனியன் தீவு, சேன் போல், டிசம்பர்



இங்கே இப்போது கோடை. சேன் போல் விரிகுடாவின் கரையில் ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாக வந்து, சவுக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டி, சோறும் கறியும் ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். எரிமலைப் பாறை பொடிந்து உண்டான கருமணல் உள்ளங்காலைச் சுடுகிறது. பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பத்தடி தள்ளிக் கடல் கிடக்கிறது. அதற்குள் ஒருவர்கூட இல்லை. சுறாவின் உருவம் வரைந்த பலகைகள் கரையோரம் நிற்கின்றன, அவ்வளவுதான். வேலியும் இல்லை, விரட்டுவோரும் இல்லை. ஆனாலும் யாரும் இறங்குவதில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து அக்கா மகன் நேற்றுப் பேசினான். தெருவே சேர்ந்து வேன் பிடித்துக் காணும் பொங்கலுக்குப் பாண்டிச்சேரி போகிறார்களாம். “மாமா, உங்க ஊர்க் கடல்ல சுறா ஆளையே தின்னுமாமே, பாண்டிச்சேரியிலயும் வருமா?” என்று கேட்டான். போனில் சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் ஊராருக்கு எழுதும் இந்த மாத மடலை அதற்கே வைத்துக்கொண்டேன்.

இந்தத் தீவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ரீயூனியன் பிரான்சுக்குச் சொந்தமான, இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கும் வெப்பமண்டலத் தீவு. 1848-ல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் திரௌபதியைப் ‘பாண்டியாலே’ என்று அழைத்து, நோன்பிருந்து தீமிதிக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் தீக்குழியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே முதன்முதலாக அதைக் கண்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

மேற்குக் கரை முழுவதும் சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழ்ந்த இடம். அலைச்சறுக்குக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். 2011-ல் தொடங்கியது கெட்ட காலம். அந்த ஆண்டு பூக்கான் கனோ கடற்கரையில் மட்டும் இரண்டு பேர் சுறா கடித்து இறந்தார்கள். அதில் ஒருவர் படுத்துச் சறுக்கும் அலைப்பலகை விளையாட்டில் பிரான்சின் முன்னாள் சாம்பியன். கடலை அறிந்தவருக்கே இந்தக் கதியென்றால் மற்றவர் எம்மாத்திரம் என்று ஊர் கலங்கியது. அப்போதும் பலர், அலைமேல் தொலைவு போகிறவர்களுக்குத்தான் ஆபத்து, கரையோரம் குளிப்பவர்களுக்கு இல்லை என்று தேற்றிக்கொண்டார்கள். 2013 ஜூலையில் அந்தத் தேறுதலும் போயிற்று. விடுமுறைக்கு வந்திருந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, நான் மேலே சொன்ன இதே சேன் போல் விரிகுடாவில், கரைக்கு மிக அருகிலேயே உயிரிழந்தாள். அந்த மாதமே அரசு ஆணை வந்தது. பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரிலும், காவலர் கண்காணிக்கும் இடங்களிலும் தவிர வேறெங்கும் குளிக்கவோ அலைச்சறுக்கவோ கூடாது என்றது அது. 2015-ல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தடை செய்த இடத்தில் சறுக்கப் போய் இறந்தான். 2011 முதல் 2019 வரை இந்தச் சிறு தீவு 11 பேரைச் சுறாவுக்குப் பறிகொடுத்தது.

ஏன் திடீரென்று இப்படி? காரணங்களைப் பற்றி இங்கே இன்னும் சூடாகவே பேசிக்கொள்கிறார்கள். 2007-ல் கடல் சரணாலயம் அமைத்ததே குற்றம் என்பார் ஒரு சாரார். நச்சு கலந்திருக்கக்கூடும் என்று 1990-களில் சுறா இறைச்சி விற்பனையைத் தடுத்ததால் அதைப் பிடிப்பாரில்லாமல் போயிற்று என்பார் இன்னொரு சாரார். மலைச்சரிவில் வீடுகள் பெருகி, மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு வந்து கடலைக் கலக்குகிறது என்போரும் உண்டு. எந்த ஒன்றின் மேலும் முழுப் பழியைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சுறா எப்போது, எங்கே வருகிறது என்பதில் சண்டையில்லை. ஆய்வாளர்கள் காளைச்சுறாக்களுக்கும் வேங்கைச்சுறாக்களுக்கும் ஒலிப்பொறி பொருத்தி நடமாட்டத்தைக் கவனித்தார்கள். காளைச்சுறா கலங்கிய நீரை விரும்பும். ஆற்று முகத்துவாரத்தை விரும்பும், நன்னீருக்குள்ளும் ஏறும். பிற்பகல் சாயச் சாயக் கரையை நெருங்கும்.

ஆகவே, எந்த வெப்பக்கடலுக்கு விடுமுறைக்குப் போனாலும், அந்தமானோ மாலத்தீவோ ஆஸ்திரேலியாவோ, இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தியிலும் இறங்க வேண்டாம். பெருமழை பெய்து நீர் செம்மண் நிறமாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஆறு கலக்கும் இடத்தையும், மீன் அறுத்துக் கழிவு கொட்டும் துறையையும் விட்டு விலகுங்கள். கடற்பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து மீன் கொத்தினால் கீழே பெரிய மீன்களும் வேட்டையில் இருக்கும். மினுக்கும் நகை சின்ன மீனின் செதில் போலத் தெரியும், கழற்றிக் கரையில் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். கடிபட்டவர் பெரும்பாலும் இரத்தம் போய்த்தான் இறக்கிறார். கரைக்குக் கொண்டுவந்த நொடியே காயத்தின் மேல் துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அளவையும் சொல்ல வேண்டும். சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 60, 70 அளவில்தான் பதிவாகின்றன. உயிரிழப்பு பெரும்பாலான ஆண்டுகளில் பத்தைத் தாண்டுவதில்லை. நீரில் மூழ்கி இறப்பவர்களோ, உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-ல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர். புதுச்சேரியிலோ மாமல்லபுரத்திலோ கரையில் குளித்தவரைச் சுறா கடித்தது என்று ஒரு செய்தியை நான் படித்ததே இல்லை. சுறாக்கள்தான் நம்மைக் கண்டு அஞ்ச வேண்டியவை. உலகில் சுறாவை அதிகமாகப் பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கரையில் இருப்பவர்களுக்குச் சுறாப்புட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா. நம் ஊர்ச் சந்தைக்கு வந்ததோ சுறாக் கருவாடு. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970-லிருந்து 71 விழுக்காடு சரிந்துவிட்டதாக 2021-ல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது. எனக்கு அது பெரும் துக்கம். உயிரைப் பறித்த இனம்தானே என்று இங்கே சிலர் சொல்லும்போதும் அந்தத் துக்கம் குறைவதில்லை.

சுறாவுக்கு அஞ்சிக் காவல் வைப்பது நமக்குப் புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலி. கட்டு அந்த ஒரு பகலுக்கு மட்டும்தான். இரவானால் அவிழ்த்துவிடுவார்கள். திருட்டுத்தனமாக யாராவது முத்தெடுக்க இறங்கினால் சுறா பார்த்துக்கொள்ளும்! குளிப்பவர்களில் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள், கீழக்கரை முஸ்லிம்களும் குளித்தார்கள். யாராயிருந்தாலும் கடல்கட்டி கரையில் வந்து நிற்காமல் முத்துச்சிப்பித் திட்டுக்குப் போக மறுத்தார்கள். ஆங்கிலேய அரசும் வேறு வழியில்லாமல் கூலி கொடுத்து அவரை வைத்துக்கொண்டது.

மந்திரம் பலித்ததா என்று கேட்காதீர்கள். அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். கடல்கட்டி சரியில்லை என்று சொன்னால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. இறங்கினால் தோணிகள் கூட்டமாகப் போய், பட்டப்பகலில், ஆரவாரத்தோடு இறங்கும். அந்த ஆரவாரமே சுறாவை விலக்கியிருக்கும். குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் இழுத்து மேலேற்ற வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. தங்கை தாலி பாக்கியத்தை நினைப்பவன் என்பதால் மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கடலில் இறங்குகிறவனுக்காக அவனை விட்டுப் பார்வையை எடுக்காத ஆள் ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கட்டளை. ரீயூனியன் உயிர்களைப் பறிகொடுத்தபின் போட்ட ஆணையும் ஏறத்தாழ அதையேதான் சொன்னது.

இனி, என் கவலைக்கு வருகிறேன். நாம் மலையடிவாரத்துக்காரர்கள். நம் ஊரில் சமுத்திரம் என்ற பெயரோடு இருப்பதும் ஓர் ஏரிதான். கிணற்றில் முதுகில் சுரைக்குடுவை கட்டி நீந்தப் பழகியவர்கள். கிணற்று நீரும் ஏரி நீரும் இருந்த இடத்தில் இருக்கும், இறங்குபவன்தான் நகர்வான். கடலில் நீர் நகர்கிறது, நம்மையும் சேர்த்து. நன்றாக நீந்தத் தெரிந்த எத்தனையோ உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, யாரும் சொல்லித் தருவதுமில்லை.

அலைகள் தண்ணீரைக் கரையை நோக்கி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அது திரும்பிப் போயாக வேண்டும். கடலடி மணல்திட்டில் எங்கே தாழ்ந்த வாய்க்கால் இருக்கிறதோ, எங்கே பாலத்தின் தூண்களோ கல்தடுப்போ நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த வழியாக ஒன்றுதிரண்டு கடலை நோக்கி ஓடும். இதுதான் இழுவை நீரோட்டம். நொடிக்கு அரை மீட்டர் என்பது சாதாரணம், சில வேளை இரண்டு மீட்டர்கூடப் போகும். போட்டி நீச்சல்காரரும் அதை எதிர்த்து நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. கொடுமை என்னவென்றால், அந்த வாய்க்காலின் மேல் அலை உடைவதில்லை. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்த, அமைதியான நீர். பிள்ளைகளை விட நல்ல இடம் என்று தாய் தகப்பன் கைகாட்டுவது அதைத்தான்.

அது ஆளை அடியில் இழுப்பதில்லை. கடலை நோக்கிக் கொண்டுபோகும், அவ்வளவே. பயந்து கரையைப் பார்த்தே நீந்தி நீந்திக் களைத்துத்தான் சாகிறார்கள். பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த ஜனத்திரளை முட்டித் தள்ளிக்கொண்டு பத்து அடி போக முடியாது. ஓரமாக விலகிக் கடைத் திண்ணைப் பக்கம் வந்துவிட்டால் போதும். அதேபோல, மல்லாந்து மிதந்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டு, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், அலை உடையும் பக்கமாக நீந்துங்கள். உடையும் அலையே கரையில் தள்ளும்.

2023 டிசம்பர் 31 அன்று புதுச்சேரிக் கடலில் மாணவ மாணவியர் நான்கு பேர் அலையில் சிக்கி மாண்டார்கள். புத்தாண்டைக் கொண்டாட இருந்த ஊரே அழுதது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர். அன்று ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை நடப்பில் இருந்தது. தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் வீசும் புயல் எழுப்பும் நெட்டலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திடீரென்று நீர் ஏறும். இந்த அலைகளில் சில எங்கள் தீவைத் தொட்டுவிட்டுத்தான் வடக்கே வருகின்றன. 2007 மே மாதம் இங்கே தென்கரையை உடைத்த பேரலைகள் சில நாளில் மாலத்தீவின் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. இங்கே கடல் கொதிக்கும்போதெல்லாம் எனக்குக் குமரிக்கரை நினைவு வருவது அதனால்தான். ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ என்ற கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. கைப்பேசியில் சினிமா நேரம் பார்ப்பவர்கள் இதையும் பார்க்கலாம்.

அடுத்தது பருவம். நம் ஊருக்குக் கூட்டம் வருவது கார்த்திகைத் தீபத்துக்கு. தீபம் பார்த்த கையோடு வண்டியைப் புதுச்சேரிக்குத் திருப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தானே என்று. ஆனால் கார்த்திகையும் மார்கழியும் வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக்கடல் ஆண்டிலேயே முரட்டுத்தனமாக இருக்கும் மாதங்கள் அவை. கரையோரம் வடக்கு தெற்காக ஓடும் வெள்ளத்தைத் திசைக்கு ஏற்பத் தெண்டி என்றும் வன்னி என்றும் சென்னைக் குப்பங்களில் மீனவர்கள் சொல்வார்கள். எந்த நாளில் எது ஓடுகிறது என்பதைக் காலையில் கரைக்கு வந்ததும் கவனித்துக்கொள்வார்கள். அவர்களே வலை போடத் தயங்கும் நாளில், மலையூரிலிருந்து வந்த நாம் அரைக்கால் சட்டையோடு இறங்குகிறோம். கரையில் ஒரு மீனவப் பெரியவரைப் பார்த்து, “ஐயா, இங்க இறங்கலாமா?” என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. அவர் வேண்டாம் என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

ஒருவன் இழுபட்டால் காப்பாற்றப் பாய்பவனும் சேர்ந்து போவது இன்னொரு துயரம். 2018 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மூனி கடற்கரையில் பிள்ளைகளை மீட்க இறங்கிய இந்தியர் மூவர் உயிரிழந்தார்கள். 2024 ஜனவரியில் அதே நாட்டின் பிலிப் தீவில் இந்திய வம்சாவளியினர் நால்வர். இரண்டு இடத்திலும் அப்போது காவலர் இல்லை. அந்த நாட்டில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, இடையில் மட்டும் குளிக்கச் சொல்வார்கள். கொடி இல்லையென்றால் காவல் இல்லை என்று பொருள். பாயாதீர்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் குடம், காற்றடைத்த டியூப், எதுவானாலும். கூடவே கூச்சல் போட்டு ஆள் திரட்டுங்கள்.

குடித்துவிட்டு இறங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான். புதுச்சேரி என்றாலே அதற்குத்தான் என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். குடித்தவனுக்குக் குளிர் தெரியாது, தூரம் தெரியாது, தன் கைகால் ஓய்ந்தது தெரியாது. வேனில் அப்படி யாராவது இருந்தால் அண்ணன் தம்பி என்று பார்க்காமல் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். பிறகு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் சொல்வது இது. சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை இருக்கிறது. 2021-ல் அதற்கும் சென்னை அருகே கோவளத்துக்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கு உயிர்காப்பாளரோ மீட்புக் கருவிகளோ இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே போங்கள். நல்ல பெயர் வாங்கிய கடற்கரை என்றாலும் காவலர் நிற்கும் பகுதியிலேயே, அவர் சொல்லும் நேரத்திலேயே கால் நனையுங்கள். அவர் விசில் ஊதினால் உடனே ஏறிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வேனில் வருபவர்களில் இரண்டு பேர் முறைவைத்துக் கரையிலேயே நிற்கட்டும், போன் பார்க்காமல், பேச்சுக் கொடுக்காமல், பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு. மாமா முதல் முறை நிற்கட்டும், அவருக்குக் கண் கூர்மை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் ஓட்டுநர் உட்பட எல்லாருடைய போனிலும் கிளம்பும் முன்பே ஏற்றிவிடுங்கள்.